வாயில்லா ஜீவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

அமெரிக்கா போய்வந்த நம் சங்க உறுப்பினர்கள் அனேகமாக எல்லாருமே நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி இந்த இதழில் எழுதியாகிவிட்டது. எனவே அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அக்டோபர் வரை நானும் என் மனைவியும் சிகாகோ நகருக்கு அருகே நேப்பர்வில் என்னும் ஊரில் மகள் வீட்டில் இருந்தோம். அங்கே 1 கிலோ 200 கிராம் எடையுள்ள ஒரு பிராணிக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். பிராணி கதைதானே என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அபூர்வம். அவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. டிப்ளமா முடித்துவிட்டு 1981-இல் ரயில்வேயில் சேர்ந்தவன். கரக்பூரில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றேன். வண்டிப் பெட்டிகளுக்கு வரும் கோளாறு தெரியும். உயிருள்ள ஜீவனுக்கு வைத்தியம் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கீரியல்ல, ஃபெரட்

மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் காலடியில் நீளமாக ஏதோ ஒன்று ஓடியது. "ஐயோ, கீரி!" என்று என் மனைவி சோபாவின் மேல் ஏறிவிட்டாள். பதினொரு வயதுப் பேரன் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிக் காட்டினான். பழுப்பு உடம்பு, கறுப்புக் கால்கள், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, ரப்பர் குழாய் போல வளையும் முதுகு. இதன் பெயர்தான் ஃபெரட். பேரன் வைத்த பெயர் நூடுல்ஸ். என் மனைவிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இரண்டே நாளில் அதைச் 'சேமியா' ஆக்கிவிட்டாள். அதுவும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கியது.

ஃபெரட் பார்வைக்குக் கீரி மாதிரி இருந்தாலும் கீரிக் குடும்பம் அல்ல. நம் காவிரியில் இருக்கும் நீர்நாயும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் நீலகிரி மார்ட்டெனும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். நம் நாட்டில் கீரியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஃபெரட் அப்படியல்ல. முயல் வேட்டைக்காக ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் பழக்கி வைத்திருக்கும் வீட்டுப் பிராணி அது. ஆனாலும் அமெரிக்காவில் கலிபோர்னியா, ஹவாய் மாநிலங்களில் அதை வளர்க்கத் தடை உண்டு. இல்லினாய் மாநிலத்தில் வளர்க்கலாம்.

பொந்து, குழாய் எதைக் கண்டாலும் உள்ளே நுழைந்து அடுத்த முனையில் வெளியே வருவது இதன் பிறவிக் குணம். நேப்பர்விலுக்குப் பக்கத்தில் பட்டேவியா என்ற இடத்தில் ஃபெர்மி ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1971-இல் அங்கே துகள் முடுக்கியைக் கட்டிக்கொண்டிருந்தபோது நீண்ட குழாய்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய வழி தெரியாமல், ஃபெலிசியா என்ற ஒரு ஃபெரட்டின் உடம்பில் நூலைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார்களாம். அது மறுமுனைக்குப் போனதும், அந்த நூலில் துடைப்பானைக் கட்டி இழுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது எனக்குச் சேமியாவின் மேல் ஒரு தொழில் மரியாதையே வந்துவிட்டது. பிரேக் குழாய் அடைத்துக்கொண்டு நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட நாட்களில் இப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லையே!

இன்னொரு குணமும் உண்டு. கையில் கிடைத்ததை எல்லாம் இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைக்கும். ஃபெரட் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'சின்னத் திருடன்' என்றுதான் பொருள். என் மூக்குக் கண்ணாடிக் கூடு, பேரனின் காலுறைகள், மாப்பிள்ளையின் கார்ச் சாவி எல்லாம் இரண்டு வாரத்துக்குள் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தன. திரும்பக் கிடைக்காத ஒரு சாமானும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

குற்றவாளி நானா?

ஜூன் இரண்டாவது வாரம் சேமியா சுருண்டு படுத்தது. ஃபெரட் ஒரு நாளில் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் தூங்கும் பிராணி. தூங்கினால் செத்துப் போனதுபோல் கிடக்கும். அதனால் முதல் இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அது எழுந்து நின்று சுவரையே வெறித்துப் பார்த்தது. பின்னங்கால்கள் தள்ளாடின. வாயில் எச்சில் ஒழுகியது.

பேரன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. விமானத்தில் வந்ததிலிருந்து எனக்கு ஜலதோஷம். மனிதர்களுக்கு வரும் ஃப்ளூ ஃபெரட்டுக்கும் தொற்றும் என்று அவன் படித்திருக்கிறான். அது உண்மையும்கூட. 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூன்று விஞ்ஞானிகள் மனிதனின் ஃப்ளூவுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று நிறுவியதே ஃபெரட்டுகளை வைத்துத்தான். பிற்பாடு நோய் கண்ட ஒரு ஃபெரட் ஆராய்ச்சியாளர் ஒருவர் முகத்தில் தும்மி, அவருக்கே ஃப்ளூவைத் திருப்பிக் கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது.

"தாத்தா, நீங்கதான் அதுக்குக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டான். குரலில் கோபமில்லை. அழுகைதான் இருந்தது. நான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போய் உட்கார்ந்தேன். பேரனைப் பார்க்க ஏழு கடல் தாண்டி வந்து, அவன் உயிராக வளர்க்கும் ஜீவனுக்கு நோயைக் கொடுத்தவன் என்று பெயர் எடுப்பதா? அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் தொழில் புத்தி விடவில்லை. ஃப்ளூ என்றால் தும்மல் எங்கே? மூக்கில் நீர் எங்கே? காய்ச்சல் எங்கே? ஒன்றையும் காணோம்.

அருகில் இருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். டாக்டர் நல்ல மனிதர். எக்ஸ்ரே எடுத்தார். வயிற்றில் ரப்பர்த் துண்டோ முடி உருண்டையோ அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பின்னங்கால் தளர்ச்சியைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ விழுந்து முதுகில் அடிபட்டிருக்கலாம் என்று சொல்லி, வலிமருந்து கொடுத்து, கூண்டிலேயே வைத்திருக்கும்படி சொன்னார். பில்லைப் பார்த்து நான் மனத்துக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். பெருக்கியிருக்கக் கூடாது.

இரண்டு நாளில் குணமில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "நம்ம ஊர்ல மனுஷனுக்கே இவ்வளவு பார்க்க மாட்டாங்க. ஒரு கீரிக்குப் போயி..." அதற்கு மேல் சொல்லவில்லை. பேரன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். திரும்பி வரும்போது அவன் கையில் உண்டியல் இருந்தது. அதை என் முன்னால் வைத்தான். மகள் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை, "விடுங்க மாமா" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

சிக் லைன் பாடம்

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது கரக்பூர் யார்டு ஞாபகம் வந்தது. ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும், பழுதான வேகனை நாங்கள் 'சிக்' என்றுதான் குறிப்போம். வேகனில் 'சிக்' என்று அட்டை ஒட்டி, ரேக்கிலிருந்து கழற்றி, தனியே ஒரு தடத்துக்கு அனுப்புவோம். அந்தத் தடத்துக்கே சிக் லைன் என்று பெயர். வேகனும் வாயில்லா ஜீவன்தான். எங்கே வலிக்கிறது என்று சொல்லாது.

பின் எப்படிக் கண்டுபிடித்தோம்? நின்ற வண்டியைப் பார்த்தால் பாதிக் கோளாறு தெரியாது. வண்டி யார்டுக்குள் நுழையும்போதே தடத்துக்கு இருபுறமும் ஆள் நின்று பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். சக்கரத்தில் தட்டையான இடம் இருந்தால் 'டக், டக்' என்று தாளம் வரும். தொங்கும் கம்பி தெரியும். நின்றவுடன் ஆக்ஸில் பாக்ஸின் சூட்டைப் பார்க்க வேண்டும். அரை மணி கழித்துப் பார்த்தால் ஆறிவிடும். பிறகு கோளாறே இல்லை என்று அனுப்பிவிடுவோம், அது வழியில் போய்த் தடம் புரளும். நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, "என்ன கோளாறுன்னு கேக்காதே. எப்போ கோளாறுன்னு கேளு" என்பார்.

சேமியாவை டாக்டர் பார்த்த நேரத்தில் ஆக்ஸில் ஆறிப் போயிருந்தது. அவ்வளவுதான். காரில் போகும் வழியில் பேரன் அதற்குத் தீனி கொடுத்துக்கொண்டே வந்தான். மேஜையில் வைத்தபோது அது சாதாரணமாகத்தான் நடந்தது. டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

விடிந்ததும் பேரனைக் கூப்பிட்டேன். உண்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கேட்டேன். ஸ்கேலால் ஐந்து பத்தி பிரித்தோம். மணி, என்ன தின்றது, எவ்வளவு நேரம் தூங்கியது, எப்படி நடந்தது, வேறு என்ன கண்டோம் என்று தலைப்புகள். ஊகம் எதையும் எழுதக் கூடாது, கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. 'சோர்வு' என்று எழுதாதே, 'கூப்பிட்டால் தலை தூக்கவில்லை' என்று எழுது என்றேன். பகலில் பேரன், இரவில் நான், விடியற்காலையில் என் மனைவி என்று மூன்று ஷிப்டு போட்டோம்.

மூன்று நாள் எழுதினோம். மூன்றாம் நாள் இரவு அந்தப் பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெறித்த பார்வை, எச்சில், முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவது, பின்னங்கால் இழுப்பது எல்லாம் நீண்ட தூக்கத்துக்குப் பின், தின்று நான்கைந்து மணி நேரம் ஆன பிறகே வந்திருந்தன. தின்ற அரை மணிக்குள் எல்லாம் சரியாகியிருந்தன. முதுகில் அடிபட்டிருந்தால் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தா வலி வந்து போகும்?

ஒரு வரி மட்டும் பொருந்தவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை என் மனைவி இரக்கப்பட்டு அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியிருந்தாள். "5.40, சர்க்கரைத் தண்ணீர் இரண்டு ஸ்பூன். 5.55, எழுந்து ஓடியது. 7.30, முன்னைவிட மோசம், காலே ஊன்றவில்லை" என்று எழுதியிருந்தாள். சாப்பிட்டால் தேறும் பிராணி இதைக் குடித்துவிட்டு ஏன் விழுந்தது?

என் மனைவி நோட்டை வாங்கி விரலால் வரியைத் தடவிப் படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெறிச்சுப் பார்க்கறது, கால் துவண்டு போறது, ஏதாவது வாயில போட்டா சரியாயிடறது... இது எனக்கு வர்ற மாதிரியே இருக்கே. லோ சுகர் மாதிரி."

"உனக்கு எப்ப வந்தது?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சர்க்கரை வியாதியைத் திருப்பிப் போட்டால்

அவளுடைய சுகர் மிஷினாலேயே சேமியாவின் ரத்தத்தைச் சோதித்துவிடலாமே என்றேன். மகள் தடுத்தாள். தடுத்தது நல்லது. மனிதர்களுக்கான அந்த மிஷின் ஃபெரட் ரத்தத்தில் உள்ள அளவைவிடக் குறைத்துக் காட்டக்கூடும் என்று பிறகு தெரிந்தது. தவிர, மிஷின் இருந்ததே ஒழிய ஸ்ட்ரிப் இல்லை. "தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டாள்.

மகள் விசாரித்து, முயல், கிளி, ஃபெரட் போன்றவற்றையே பார்க்கும் டாக்டர் ஒருவரைக் கண்டுபிடித்தாள். ஒரு மணி நேரக் கார்ப் பயணம். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். நாங்கள் வாய் திறக்குமுன் பேரன் நோட்டை நீட்டினான். அந்த அம்மையார் நின்றபடியே மூன்று நாள் கணக்கையும் படித்தார். சர்க்கரைத் தண்ணீர் வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். என் மனைவி தயங்கிக் கையைத் தூக்கினாள். "மிகவும் உபயோகமான வரி இதுதான்" என்றார்.

சேமியாவை அங்கேயே கண்காணிப்பில் வைத்து நான்கு மணி நேரம் தீனி கொடுக்காமல் ரத்தம் எடுத்தார்கள். ஃபெரட்டை அதற்கு மேல் பட்டினி போடக் கூடாது. அதன் குடல் அவ்வளவு குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். நல்ல நிலையில் உள்ள ஃபெரட்டுக்கு 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்க வேண்டும். 60-க்குக் கீழே போனால் சந்தேகம் பலப்படும். சேமியாவுக்கு 48 இருந்தது.

வியாதியின் பெயர் இன்சுலினோமா. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. நம் சர்க்கரை வியாதியில் அந்த இன்சுலின் போதவில்லை, அல்லது உடம்பு அதைக் கேட்கவில்லை. இங்கே நேர் எதிர். அந்தச் செல்களில் மிகச் சிறிய கட்டிகள் உண்டாகி, வேண்டியதோ இல்லையோ, இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை தாழ்கிறது. மூளைக்கும் தசைக்கும் எரிபொருள் இல்லை. வெறித்த பார்வையும் கால் தளர்ச்சியும் அதனால்தான். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், நினைவு தப்பும். அமெரிக்காவில் வளர்க்கப்படும் நடுவயது ஃபெரட்டுகளுக்குச் சாதாரணமாக வரும் வியாதி இது. சேமியாவுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது.

சர்க்கரைத் தண்ணீர் மர்மமும் அவிழ்ந்தது. இனிப்பு உள்ளே போனதும் சர்க்கரை ஏறுகிறது, பிராணி எழுந்து ஓடுகிறது. ஆனால் அந்த ஏற்றத்தைக் கண்டதும் கட்டிகள் இன்னும் அதிகமாக இன்சுலினைக் கொட்டுகின்றன. பழைய நிலைக்கும் கீழே போய்விடுகிறது. மயங்கி விழும் அவசரத்தில் ஈறில் கொஞ்சம் தேன் தடவலாம். ஆனால் தெளிந்தவுடன் மாமிச உணவு கொடுத்தாக வேண்டும். ஃபெரட் மாமிசம் மட்டுமே தின்னப் பிறந்த பிராணி. பேரன் ஆசையாகக் கொடுத்து வந்த உலர்திராட்சையும் வாழைப்பழமும் அன்றே நின்றன.

இத்தோடு அவர் விடவில்லை. சர்க்கரை தாழ்வதற்குக் கல்லீரல் கெட்டிருப்பது, ரத்தத்தில் கிருமி பரவியிருப்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விலக்க மற்ற ரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் செய்தார். "ஸ்கேனில் கட்டி தெரியாமல் போகலாம், அவ்வளவு சிறியவை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது" என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியே ஆயிற்று. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கோளாறைக் கண்டதும் திருப்தி அடைந்து மற்றதைப் பார்க்காமல் விடுவது யார்டில் பெரிய பாவம்.

கிளம்பும்போது பேரன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "தாத்தாவின் ஜலதோஷத்தால் இது வந்ததா?" அவர் குனிந்து அவன் உயரத்துக்கு வந்து, "இல்லை. யாராலும் வரவில்லை" என்றார். பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அந்த மொத்தப் பில்லும் அப்போதே பைசலாகிவிட்டது.

சோபாவுக்கு அடியில் கிடைத்தது

வைத்தியத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஆபரேஷன் செய்து கட்டிகளை எடுத்தால் பொதுவாக அதிக காலம் நன்றாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாதவை மிஞ்சி மறுபடி வளர்வது சகஜம், செலவும் பெரிது. மருந்து மட்டும் கொடுத்தால் கட்டி போகாது, ஆனால் அறிகுறி அடங்கும். குணமாக்குவது இரண்டிலும் கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் பேரனை உட்கார வைத்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்கள். மருந்து என்று முடிவாயிற்று. பிரெட்னிசோலோன் திரவம் வேளைக்குச் சில துளி, நாளுக்கு இரண்டு தடவை. நான்கு மணிக்கு ஒரு தரம் தீனி, இரவிலும்தான். இரவு இரண்டு மணி ஷிப்டை என் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். மரக்கறி தவிர வேறு தொடாதவள், கோழி இறைச்சி வாடை அடிக்கும் கிண்ணத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நீட்டுவாள்.

ஒரு வாரத்தில் சேமியா மறுபடி காலுறை திருடத் தொடங்கியது. வீட்டில் தீபாவளிதான். அதன் புதையலைக் காலி செய்வோம் என்று பேரன் சோபாவை நகர்த்தினான். பேனா, ரிமோட், ஏழெட்டுக் காலுறை. அவற்றின் நடுவில் என் மனைவியின் ஸ்ட்ரிப் டப்பா, பாதிக்கு மேல் நிறைந்தபடி.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. டப்பா தொலைந்து மூன்று வாரமாக அவள் சர்க்கரை பார்க்கவே இல்லை. அங்கே வாங்கினால் மகளுக்கு வீண் செலவு என்று 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லியிருக்கிறாள். படபடப்பும் வியர்வையும் கால் துவளலும் வந்தபோதெல்லாம் ஒரு வாய் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு, வயதாகிவிட்டது என்று இருந்துவிட்டாள். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாது. பிராணிக்கு மூன்று ஷிப்டு போட்டுக் கணக்கு எழுதியவன், நாற்பது வருடமாகக் கூட இருக்கும் மனுஷியின் கணக்கை ஒரு நாளும் எழுதவில்லை.

"பாட்டிக்கும் ஒரு நோட்டு போடலாம் தாத்தா" என்றான் பேரன். அதே ஸ்கேல், அதே ஐந்து பத்தி. பத்தே நாளில் தெரிந்துவிட்டது. ஏகாதசி அன்றும் வெள்ளிக்கிழமை காலையிலும் விரதம் இருப்பாள். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கிவிடுவாள். அவள் சாப்பிடும் கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. வயிறு காலியாக இருக்கிறதே என்று அதற்குத் தெரியாது. ஆக, விரத நாளில் மாத்திரையே அவளுக்கு ஒரு சின்ன இன்சுலினோமா. கொல்கத்தாவில் எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் செய்து நோட்டை வரி வரியாகப் படித்தேன். அவர் உடனே மாத்திரை அளவை மாற்றினார், கேட்காமல் விரதம் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அதன் பிறகு அந்தத் துவளல் வரவில்லை.

நிறைவாக

அக்டோபரில் நாங்கள் கிளம்பும்போது சேமியா என் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. பிற்பாடு அதற்கு டயசாக்சைடு என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். 2024 செப்டம்பரில் ஒரு விடியற்காலை பேரனின் மடியிலேயே அடங்கியது. வியாதி இன்னதென்று தெரிந்த பின் பதினைந்து மாதங்கள் இருந்தது. அவற்றில் பெரும்பகுதி ஓடி விளையாடிய மாதங்கள். பேரன் போனில் அழுதான். ஆனால், "என்னன்னே தெரியாமப் போகலை தாத்தா" என்றான். பன்னிரண்டு வயதுப் பையனின் வார்த்தை அது.

நம் சங்கக் குடும்பங்களில் ஃபெரட் வளர்ப்பவர் இருக்க மாட்டார்கள். நாய், பூனை, கிளி வளர்ப்பவர் உண்டு. பேச வராத கைக்குழந்தையும், பேச விருப்பமில்லாத பெரியவர்களும் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்காக நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். என்ன வியாதி என்று நாம் ஊகிக்க வேண்டாம், அது டாக்டர் வேலை. எப்போது வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரத்தில் சரியாயிற்று என்பதை எழுதி வைப்பது நம் வேலை. நாம் செய்த கைவைத்தியத்தையும், அது தவறாகவே போயிருந்தாலும், மறைக்காமல் எழுத வேண்டும். அந்தத் தவறான வரிதான் டாக்டருக்கு வழி காட்டும். முடிந்தால் கோளாறு வரும் நேரத்தில் கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போய்ச் சேரும்போது ஆக்ஸில் ஆறிவிடும்.

எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நோட்டும் பென்சிலும் தொங்குகின்றன. முதல் பக்கத்தில் பேரன் கைப்பட ஆங்கிலத்தில் 'பாட்டி' என்று எழுதியிருக்கிறான். அடுத்த பக்கத்தில் இருந்து என் பெயரில் தனிக்கணக்கு ஆரம்பமாகிறது. அதை எழுதுவது என் மனைவி. அவள் எதையும் விடுவதில்லை. நேற்று ராத்திரி நான் திருட்டுத்தனமாகத் தின்ற அரை மைசூர்பாகு உட்பட.